ஆன்டிவைரஸ் கம்பெனியிடம் விபிஎன் வாங்குவதற்கு முன்

ஆன்டிவைரஸ் சந்தா முடியப்போகிற மாதம் வந்துவிட்டால் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்க்கத் தொடங்கும். ‘உங்கள் ஐபி முகவரி வெளியே தெரிகிறது’, ‘நீங்கள் மதுரையில் இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது’ என்று முதலில் பயமுறுத்தும். அப்புறம், கொஞ்சம் கூடக் கட்டினால் விபிஎன்னும் சேர்த்துத் தருகிறோம் என்று விஷயத்துக்கு வரும். நம் இணையப் போக்குவரத்தைப் பூட்டி, தன் சர்வர் வழியாக அனுப்பி, நம் முகவரிக்குப் பதில் தன் முகவரியைக் காட்டுகிற சேவைதான் விபிஎன். நம் இணைப்பின் எண்ணான ஐபி முகவரி தெரியாமல் எந்த இணையதளமும் நமக்குப் பக்கத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. அது தெரிவதில் அதிர்ச்சி அடைய ஒன்றுமில்லை. வழக்கமாக அந்தப் பெட்டியை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன். இந்தத் தடவை அக்கா வீட்டுக்காரர் கேட்டதால் உட்கார்ந்து சோதித்தேன்.

மாமா டைல்ஸ் வியாபாரம் செய்கிறார். சரக்கு எடுக்க குஜராத்தில் மோர்பிக்குப் போனால் லாட்ஜ் வைஃபையில்தான் பில், பேங்க் எல்லாம். “மாப்ள, ஆன்டிவைரஸ்காரனே விபிஎன்னும் தர்றானாம். தெரிஞ்ச கம்பெனி, ஏற்கெனவே காசு கட்டிக்கிட்டுதான் இருக்கோம். போட்டுரலாமா?” என்றார். சின்ன நிறுவனங்களின் இணையதளங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. என் கம்ப்யூட்டரிலும் அதே ஆன்டிவைரஸ்தான் ஓடிக்கொண்டிருந்தது. “பிடிக்கலைன்னா பணத்தைத் திருப்பித் தர்றேன்னு போட்டிருக்கான் மாமா. நான் வாங்கிப் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றேன். எந்த நிறுவனம் என்று இங்கே எழுதப்போவதில்லை. சோதிக்கிற முறை எல்லா நிறுவனத்துக்கும் பொருந்தும்.

மாமா சொன்ன ‘தெரிஞ்ச கம்பெனி’ என்ற நம்பிக்கையை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. ஆனால் வைரஸ் பிடிப்பதும் விபிஎன் நடத்துவதும் வேறு வேறு தொழில்கள். எந்தக் கோப்பைத் திறக்கிறோம், எந்த முகவரிக்குப் போகிறோம் என்றெல்லாம் தெரிந்துகொண்டால்தான் ஆன்டிவைரஸால் வேலை செய்ய முடியும். சந்தேகமாக இருப்பதைத் தன் சர்வருக்கு அனுப்பியும் சோதிக்கும். விபிஎன் நடத்துகிறவரோ நம்மைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்து வைத்திருக்கிறாரோ அவ்வளவு நல்லது. திரட்டுவதே பழக்கமாகிவிட்ட நிறுவனம், திரட்டாமல் இருப்பதாக உறுதி தருகிறது. அந்த உறுதியை எதை வைத்து நம்புவது என்பதுதான் என் கேள்வி. வேகமெல்லாம் அப்புறம்.

ஆன்டிவைரஸ் எவ்வளவு பார்க்கிறது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பிரவுசரில் ஒரு தளத்தைத் திறந்து, முகவரிக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தை அழுத்தி, தளம் உண்மையானதுதான் என்று காட்டுகிற சான்றிதழைத் திறங்கள். ‘வழங்கியவர்’ என்ற இடத்தில் டிஜிசெர்ட், லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற பெயர் இருக்க வேண்டும். என் கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயர் இருந்தது. அதாவது, வழியில் யாரும் படிக்காமல் இருக்கத் தளம் போட்டு அனுப்பிய எச்டிடிபிஎஸ் பூட்டை அது கம்ப்யூட்டருக்குள்ளேயே திறந்து, உள்ளே சோதித்துவிட்டு, தன் பூட்டைப் போட்டுப் பிரவுசரிடம் தருகிறது. இதில் கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. ‘வெப் ஷீல்டு’ போன்ற பெயர்களில் வருகிற வசதி இப்படித்தான் இயங்கும், வேண்டாமென்றால் செட்டிங்ஸில் நிறுத்தலாம். விபிஎன் மட்டும் நடத்துகிற நிறுவனத்தால் இவ்வளவு தூரம் உள்ளே வர முடியாது. எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதோடு அதன் பார்வை நின்றுவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் வாங்குவது வீட்டுச் சாவியையும் பீரோச் சாவியையும் ஒரே ஆளிடம் கொடுப்பது மாதிரி. பெயர், மின்னஞ்சல், பணம் கட்டிய விவரம் ஏற்கெனவே சந்தாக் கணக்கில் இருக்கிறது.

சரி, ஆள் எப்படி என்று விசாரிக்க வேண்டும். இந்தத் துறையில் விசாரிக்க நிறையவே இருக்கிறது.

அவாஸ்ட் கதை பலருக்குத் தெரிந்திருக்கலாம். இலவச ஆன்டிவைரஸால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய செக் நாட்டு நிறுவனம். அதற்கு ஜம்ப்ஷாட் என்று ஒரு துணை நிறுவனம் இருந்தது. அவாஸ்டின் ஆன்டிவைரஸும் பிரவுசர் நீட்சிகளும் திரட்டிய உலாவல் விவரங்கள் ஜம்ப்ஷாட் வழியாக விற்கப்படுவதை 2020 ஜனவரியில் மதர்போர்டு, பிசிமேக் என்ற இரண்டு தொழில்நுட்பச் செய்தித் தளங்களும் சேர்ந்து வெளிக்கொண்டு வந்தன. அதே மாதம் ஜம்ப்ஷாட்டை மூடுவதாக அவாஸ்ட் அறிவித்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. ஜம்ப்ஷாட்டிடம் 2014 முதல் சேர்ந்த உலாவல் விவரம் 8 பெட்டாபைட்டுக்கு (80 லட்சம் ஜிபி) மேல் இருந்ததாகவும், 100க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அது விற்கப்பட்டதாகவும் ஆணையம் சொன்னது. ‘பின்தொடர்கிறவர்களிடமிருந்து உங்களைக் காப்போம்’ என்று விளம்பரப்படுத்திய பொருள் வழியாகவே இவ்வளவும் போயிருக்கிறது. விபிஎன் வழியாகப் போனதாகக் குற்றச்சாட்டு இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ‘ஆன்டிவைரஸ்காரன்தானே, நல்லவனாகத்தான் இருப்பான்’ என்ற எண்ணத்தை உடைக்க இந்த ஒன்று போதும்.

அடுத்தது முதலாளி யார் என்ற விசாரணை. 2016இல் ஏவிஜி என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தை அவாஸ்ட் வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹைட்மைஆஸ் என்ற விபிஎன்னை நடத்திவந்த நிறுவனத்தை ஏவிஜி வாங்கியிருந்தது. 2011இல் சோனி பிக்சர்ஸ் ஹேக்கிங் வழக்கில், நீதிமன்ற உத்தரவுக்குப் பணிந்து ஒரு வாடிக்கையாளரின் இணைப்பு விவரங்களைக் கொடுத்த அதே ஹைட்மைஆஸ். 2021இல் அவிராவை நார்ட்டன்லைஃப்லாக் வாங்கியது. 2022இல் அவாஸ்டும் அதனுடன் இணைய, மொத்தக் குடும்பத்துக்கும் ஜென் டிஜிட்டல் என்று பெயரானது. நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவிரா என்று நாலு இடத்தில் விலை விசாரித்து ஒப்பிடுகிறவர் ஒரே முதலாளியிடம்தான் நாலு தடவை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சில நிறுவனங்கள் விபிஎன்னைச் சொந்தமாக நடத்துவதே இல்லை. பிட்டிஃபெண்டர் தன் விபிஎன்னுக்குப் பல ஆண்டுகளாக ஹாட்ஸ்பாட் ஷீல்டு என்ற வேறொரு விபிஎன்னின் கட்டமைப்பைத்தான் பயன்படுத்தி வந்தது. மால்வேர்பைட்ஸ் ஸ்வீடனின் முல்வாட் விபிஎன் நிறுவனத்தின் சர்வர்களை வைத்து விற்றது. மெக்காஃபி 2018இல் கனடாவின் டனல்பேர் விபிஎன்னை மொத்தமாகவே வாங்கிக்கொண்டது. வாடகை சர்வர் என்பதாலேயே மட்டம் என்று அர்த்தமில்லை. முல்வாட் மாதிரி நிறுவனம் பின்னால் இருக்கிறது என்றால் எனக்கு நம்பிக்கை கூடத்தான் செய்யும். நம் போக்குவரத்து யார் வீட்டு வழியாகப் போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நான் வாங்கிய விபிஎன்னின் தனியுரிமைக் கொள்கையில் ‘எங்கள் சேவைக் கூட்டாளி’ என்று மொட்டையாக ஒரு வரி இருந்தது. எந்தக் கூட்டாளி என்பதை, செயலியின் ‘அபவுட்’ பக்கத்தில் யாரும் திறக்காத மூன்றாம் தரப்பு உரிமங்கள் பட்டியலைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஒரே இடத்தில் எல்லாம் வாங்குவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2024இல் ரஷ்ய ஆன்டிவைரஸான காஸ்பர்ஸ்கியை விற்க அமெரிக்க அரசு தடை போட்டது. அந்த செப்டம்பரில் அங்கிருந்த வாடிக்கையாளர்களின் கம்ப்யூட்டர்களில் காஸ்பர்ஸ்கி தானாகவே நீங்கி, அந்த இடத்தில் அல்ட்ராஏவி என்ற வேறு நிறுவனத்தின் ஆன்டிவைரஸ் உட்கார்ந்தது. காஸ்பர்ஸ்கி விபிஎன் வைத்திருந்தவர்களுக்கு அல்ட்ராவிபிஎன்னும் சேர்ந்து வந்தது. மின்னஞ்சலில் முன்கூட்டியே தெரிவித்திருந்தார்கள் என்றாலும், காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து முன்பின் தெரியாத மென்பொருளைப் பார்த்தவர்கள் வைரஸ்தான் புகுந்துவிட்டது என்று அலறினார்கள்.

கொள்கையைப் படிப்பது அலுப்பான வேலை, ஆனால் முழுவதும் படிக்கத் தேவையில்லை. நிறுவனத்தின் பொதுவான தனியுரிமைக் கொள்கை ஆன்டிவைரஸை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும். விபிஎன்னுக்குத் தனி அறிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். இருந்தால், எந்த நேரத்தில் இணைந்தோம், எவ்வளவு டேட்டா போனது, நம் சொந்த ஐபி என்ன என்ற மூன்றையும் சேமிக்கிறார்களா, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘லாக் (பதிவேடு) வைப்பதில்லை’ என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். போகும் தளங்களைப் பதிவதில்லை என்பதை மட்டும்தான் பெரும்பாலும் அது குறிக்கும். நான் பார்த்த அறிக்கையில் நேரமும் டேட்டா அளவும் சில வாரங்களுக்குச் சேமிக்கப்படும் என்று இருந்தது. எனக்கு அது பரவாயில்லை. வெளியாள் யாராவது தணிக்கை செய்து உறுதிப்படுத்தியிருக்கிறார்களா என்று சாட்டில் கேட்டேன். ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகங்களில் வாங்கிய விருதுகளின் பட்டியலை அனுப்பினார் சாட்டில் பதில் சொன்ன பெண். நல்ல ஆய்வகங்கள்தான். ஆனால் அந்த விருதுகள் எல்லாம் வைரஸ் பிடித்ததற்கு. லாக் தணிக்கை பற்றி மறுபடி கேட்டதும் அதே இணைப்பு மறுபடி வந்தது.

இனி கையால் செய்த சோதனைகள். முதலில் கசிவு, அதாவது விபிஎன் போட்ட பிறகும் சொந்த முகவரி வெளியே தெரிவது. விபிஎன்னைப் போட்டுவிட்டு ‘ஐபி லீக் டெஸ்ட்’ என்று தேடி வருகிற ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால், வெளியே தெரிகிற ஐபி, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருகிற டிஎன்எஸ் சர்வர், பிரவுசரின் வீடியோ கால் வசதியான வெப்ஆர்டிசி காட்டிவிடுகிற முகவரி எல்லாவற்றையும் காட்டும். வீட்டு ஃபைபரில் எல்லாம் சிங்கப்பூர் என்று வந்தது. அதோடு விட்டிருந்தால் ‘தேர்ச்சி’ என்று எழுதியிருப்பேன். லேப்டாப்பை ஜியோ சிம் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே பக்கத்தைத் திறந்தபோது மேலே சிங்கப்பூர், அதற்குக் கீழே 2409 என்று தொடங்கும் நீளமான இன்னொரு முகவரி. அது ஜியோவின் ஐபிவி6 முகவரி, புது வகை ஐபி. பழைய ஐபிவி4 போக்குவரத்தை மட்டும் விபிஎன்னின் பூட்டிய பாதையான சுரங்கத்துக்குள் அனுப்பிவிட்டு, ஐபிவி6-ஐ விண்டோஸ் செயலி கண்டுகொள்ளவே இல்லை. கூகுள், ஃபேஸ்புக் போன்ற பெரிய தளங்கள் பல ஐபிவி6இல் பேசுகிறவை. ஆக, விபிஎன் ‘பாதுகாப்பாக இருக்கிறீர்கள்’ என்று பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருக்க, பாதிப் போக்குவரத்து சொந்த முகவரியிலேயே போய்க்கொண்டிருந்தது. அதே நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு செயலியில் இந்தக் கசிவு இல்லை. நம் ஊரில் மொபைல் இணைப்பு என்றாலே பெரும்பாலும் ஐபிவி6தான், ஜியோவில் சொல்லவே வேண்டாம். வெளிநாட்டு விமர்சகர்கள் தங்கள் வீட்டு இணைப்பில் சோதித்துக் கொடுக்கிற மதிப்பெண்ணை நம்பாமல், நீங்கள் தினமும் பயன்படுத்துகிற ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு தடவை பாருங்கள். தற்காலிகமாக, விண்டோஸில் அந்த நெட்வொர்க் அடாப்டரின் ஐபிவி6 டிக்கை எடுத்துவிட்டால் கசிவு நிற்கும். காசு வாங்கிய செயலி செய்ய வேண்டிய வேலை அது.

அடுத்து கில் சுவிட்ச். விபிஎன் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவைக்கிற வசதி. மூன்று மெனுவுக்கு உள்ளே, முடக்கிய நிலையில் இருந்தது. அதைப் போட்டுவிட்டு, கமாண்ட் ப்ராம்ப்டில் ping -t என்று அடித்து வெளியில் ஒரு சர்வருக்கு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற பிங்கை இடைவிடாமல் ஓடவிட்டேன். விபிஎன் வழியாகப் போகும்போது ஒவ்வொரு வரியிலும் 60, 62 மில்லிசெகண்ட் என்று வந்துகொண்டிருந்தது. வீட்டு வைஃபையிலிருந்து ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றினேன். சில வரிகள் பதில் இல்லாமல் போவது சரியானது. ஆனால் அதற்கப்புறம் நாலைந்து வரிகள் வேறு நேரத்தைக் காட்டிவிட்டு, பிறகுதான் விபிஎன்னின் பழைய நேரத்துக்குத் திரும்பின. அந்த நாலைந்து வரிகளும் சுரங்கத்துக்கு வெளியே போனவை. கண் இமைக்கிற நேரம்தான், ஆனால் பின்னணியில் மின்னஞ்சல் செயலி ஒரு தடவை சர்வரைத் தொட்டுவர அது போதும். ஆண்ட்ராய்டில் இந்தத் தொல்லைக்கு நல்ல தீர்வு இருக்கிறது: செயலியின் கில் சுவிட்சை விட்டுவிட்டு, ஃபோன் செட்டிங்ஸின் விபிஎன் பகுதியில் ‘எப்போதும் இயங்கும் விபிஎன்’, ‘விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடு’ என்ற இரண்டையும் போடுங்கள். இதை ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும்.

சர்வர் பட்டியலில் மும்பை இருந்தது. அதில் இணைந்து, வெளியே தெரிகிற ஐபியைக் குறித்துக்கொண்டு, விபிஎன்னை அணைத்துவிட்டு அந்த ஐபிக்குப் பிங் செய்தேன். 150 மில்லிசெகண்டுக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மில்லிசெகண்ட் என்று கணக்கு. கேபிள் சுற்றிக்கொண்டு போகும், வழியில் தாமதம் இருக்கும் என்று தாராளமாகச் சேர்த்தாலும் மும்பைக்கு இவ்வளவு ஆகாது. அந்தச் சர்வர் அனேகமாக ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கிறது, முகவரிதான் இந்தியா.

இதற்கு ஒரு காரணம் உண்டு. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்கு ஒதுக்கிய ஐபி, எதற்காக எடுக்கிறார் என்பது வரை பதிந்து, சந்தா முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்காக வைத்திருக்கும் விபிஎன்களுக்கு மட்டும் விலக்கு. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் என்ற விபிஎன் நிறுவனங்கள் எல்லாம் இந்தியாவில் இருந்த சர்வர்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் ‘இந்தியா, சிங்கப்பூர் வழியாக’ என்று பட்டியலிலேயே போட்டது. நான் சோதித்தது அப்படி எதுவும் சொல்லாமல் வெறும் ‘மும்பை’ என்றது. பெரிய குற்றம் இல்லை, ஆனால் மும்பை என்று நம்பி இணைந்தவருக்கு வீடியோ கால் ஏன் இழுக்கிறது என்று கடைசி வரை புரியாது. ஆன்டிவைரஸ் நிறுவனங்களில் சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் மாதிரி இந்தியாவிலேயே தலைமையகம் வைத்திருப்பவையும் உண்டு. அப்படி இங்கேயே இருக்கிற நிறுவனம் விபிஎன் விற்றால், ‘லாக் கிடையாது’ என்ற வாக்குறுதியை இந்த உத்தரவோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் சிங்கப்பூர் வழியாக எண்பது சொச்சம் கிடைத்தது, அமெரிக்கா வழியாக முப்பது. சுரங்கம் அமைக்கிற நெறிமுறையை வயர்கார்டுக்கு மாற்றினால் கூடியது, ஓப்பன்விபிஎன்னில் குறைந்தது. வேகத்தைவிட நெறிமுறையின் பெயரைப் பாருங்கள். வயர்கார்டு சுமார் 4,000 வரி நிரல், யாரும் திறந்து படிக்கலாம், 2020 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. நிறுவனமே எழுதி மூடி வைத்திருக்கிற நெறிமுறை மட்டும்தான் உண்டு என்றால் எனக்கு ஒட்டாது.

தினசரிப் பயன்பாட்டில்தான் இது உண்மையில் வெறுத்துப்போகும். வங்கிச் செயலி ஒன்று விபிஎன்னைப் பார்த்ததும் திறக்க மறுத்தது. அரசுத் தளங்கள் பல வெளிநாட்டு ஐபி என்றால் பக்கத்தையே காட்டுவதில்லை. நான் பராமரிக்கும் சர்வர்களோ குறிப்பிட்ட ஐபியிலிருந்து மட்டும் உள்ளே விடுபவை, இணையும்போதெல்லாம் முகவரி மாறினால் கதவடைப்பு. குறிப்பிட்ட செயலிகளை மட்டும் சுரங்கத்துக்கு வெளியே விடுகிற ஸ்பிளிட் டனலிங் இருந்தால் சமாளிக்கலாம். இதில் ஃபோனில் இருந்தது, விண்டோஸில் இல்லை.

பணத்தைப் பொறுத்தவரை முதல் ஆண்டு விலையைப் பார்க்காதீர்கள். இரண்டாம் ஆண்டு விலை சின்ன எழுத்தில் இருக்கும், என் விஷயத்தில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. கார்டில் தானியங்கிப் புதுப்பிப்புத் தானாகவே டிக் செய்யப்பட்டிருந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியிலிருந்து தகவல் வரும், ஆனால் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே போய்விடும். நிறுவனத்தின் தளத்தில் ரத்து செய்கிற பொத்தானைத் தேடி அலைவதைவிட, தானியங்கிப் பிடித்தங்களைக் காட்டுகிற, வங்கியின் இ-மேண்டேட் பகுதியில் போய் அறுத்துவிடுவது சுலபம்.

மாமாவிடம், “லாட்ஜில பேங்க் வேலைக்கு உங்க ஃபோன் ஹாட்ஸ்பாட்டே போதும் மாமா. பேங்க் தளம் ஏற்கெனவே எச்டிடிபிஎஸ்தான்” என்றேன். “அப்ப இவ்வளவு நாள் என்னத்த மாப்ள சோதிச்ச?” என்றார். நியாயமான கேள்வி. விபிஎன் அவருக்கு இல்லை. பொது வைஃபையே கதி என்று கிடக்கிறவர்கள், தங்கள் இணைய நிறுவனம் எதையும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள், வெளியூரிலிருந்து ஒரே முகவரியில் வேலை செய்ய வேண்டியவர்கள், இவர்களுக்குத்தான் அது தேவை. நான் மூன்றாவது வகை. நிலையான ஐபி தருகிற, விபிஎன் மட்டுமே நடத்துகிற வேறொரு நிறுவனத்தில் மாதச் சந்தாவாக எடுத்துக்கொண்டேன். மாமா ஆன்டிவைரஸை மட்டும் புதுப்பித்தார். விபிஎன் இல்லாத அந்தச் சின்னத் திட்டம் விலைப் பக்கத்தில் முகப்பில் இல்லை, மங்கலான சாம்பல் எழுத்தில் அடியில் இருந்தது.

பணம் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். செயலியை நீக்கிய பிறகு விண்டோஸின் நெட்வொர்க் அடாப்டர் பட்டியலைத் திறந்து பார்த்தேன். விபிஎன் போட்டிருந்த மெய்நிகர் அடாப்டர் அப்படியே கிடந்தது, கையால் நீக்கினேன். ஃபோனில் விபிஎன் புரொஃபைல் மிச்சமிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஐஃபோனில் அது ‘விபிஎன், சாதன மேலாண்மை’ என்ற பகுதிக்குள் இருக்கும். ஆன்டிவைரஸையும் சேர்த்துத் தூக்குகிறவர்கள், விண்டோஸில் certmgr.msc என்று அடித்து, நம்பகமான ரூட் சான்றிதழ்கள் பட்டியலில் அந்த நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு, இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள்.